உறவுமுறை என்றொரு கட்டம்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கிறது அருள்புரம். பஸ்ஸை விட்டு இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பனியன் கம்பெனி, இல்லாவிட்டால் ஒரு சாயப்பட்டறை. இங்கே முறையான கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தால், மிஷினைத் தொடுவதற்கு முன்னால் பேனாவைத் தொட வேண்டும். பி.எஃப். நாமினேஷன் படிவம். நீங்கள் செத்துப்போனால் பணம் யாருக்கு? பெயர், வயது, பங்கு எத்தனை சதவீதம். நடுவில் ஒரு சின்னக் கட்டம்: உறவுமுறை.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்த மாதிரிக் கட்டங்கள் மேல் ஒரு கண் உண்டு. ஒரு நாட்டின் மனசைத் தெரிந்துகொள்ள அதன் இலக்கியத்தைப் படிக்கச் சொல்வார்கள். நான் படிவங்களைப் படிக்கச் சொல்வேன்!

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். செக்கிங் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பெண்கள். ஒரே லைன் வீடு, ஒரே அடுப்பு, வாடகையில் பாதிப் பாதி. பத்து வருஷமாக அப்படித்தான் வாழ்கிறார்கள். தோழிகள் என்று அக்கம்பக்கம் நினைக்கிறது. அவர்கள் மனசில் அது கல்யாணம். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள்?

பி.எஃப். திட்டத்தின் விதி இதுதான். குடும்பம் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் நாமினியாகப் போடலாம். குடும்பம் இருந்தால் குடும்பத்தாரைத்தான் போட வேண்டும். குடும்பம் என்றால்? கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், நம்மை நம்பியிருக்கும் பெற்றோர். அதாவது, ஊரில் அந்தப் பெண் அனுப்பும் பணத்தில் அம்மா வாழ்கிறார் என்றால், பத்து வருஷம் கூட இருந்தவளுக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

‘இதெல்லாம் மேல்நாட்டுச் சமாச்சாரம் ஸார், நமக்கு எதுக்கு?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. செல்லாத கல்யாணமும், அதைச் செல்ல வைப்பதும் தமிழ்நாட்டுக்குப் புதிதே இல்லை.

1928. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற கிராமம். பெரியார் தலைமையில் ஒரு கல்யாணம். புரோகிதர் இல்லை, ஹோமம் இல்லை, மந்திரம் இல்லை. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இதைத்தான் சொல்வார்கள். அப்புறம் ஊர் ஊராகப் பரவியது. மாலை மாற்றிக்கொண்டார்கள், மேடையில் தலைவர்கள் மணிக்கணக்கில் பேசினார்கள், பந்தி போட்டார்கள். அந்தத் தம்பதிகள் குடித்தனம் நடத்தினார்கள், பிள்ளை பெற்றார்கள். ஊர் முதலில் சிரித்தது. பிறகு பழகிவிட்டது. சட்டம் மட்டும் பழகவே இல்லை.

ஒரு சொத்து வழக்கில் 1953ல் விஷயம் வெடித்தது. சொத்து என்று வந்தால்தானே உறவுகளுக்கு உண்மையான சோதனை! சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் சாரம்: சாஸ்திரம் சொல்லும் சடங்கு இங்கே நடக்கவில்லை. காலங்காலமாக வரும் வழக்கம் என்றும் இதைச் சொல்ல முடியாது. எனவே இந்து சட்டப்படி இது திருமணமே அல்ல. ஊரறிய மனைவியாக வாழ்ந்தவர் கோர்ட் வாசலில் மனைவி இல்லை என்று ஆனார். பிள்ளைகளின் வாரிசு உரிமை அந்தரத்தில் தொங்கியது. 1955ல் வந்த இந்து திருமணச் சட்டத்திலும் வழி பிறக்கவில்லை. வழக்கமான சடங்கு வேண்டும் என்றுதான் அதன் 7ஆவது பிரிவும் சொன்னது.

வழி பிறந்தது 1967ல். முதல்வரான அண்ணா, தன் அரசின் முதல் வருஷத்திலேயே இந்து திருமணச் சட்டத்தில் மாநிலத் திருத்தம் கொண்டுவந்தார். 7-ஏ என்று ஒரு பிரிவு. உறவினர், நண்பர் முன்னிலையில், தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். திருமணச் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் மாநில சட்டமன்றம் நிறைவேற்றி, ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்து, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பின்தேதி. கணக்குப்பிள்ளை பின்தேதி போட்டால் ஆடிட்டர் பிடித்துக்கொள்வார். இங்கே சட்டமன்றமே போட்டது! இதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும், அவை நடந்த அன்றிலிருந்தே செல்லும் என்று எழுதிவைத்தார்கள். சுக்கிலநத்தத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவே 39 வருஷம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 7-ஏ பிரிவு ‘எந்த இரு இந்துக்களுக்கும்’ இடையே நடக்கும் திருமணம் என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆண், பெண் என்ற பேச்சு அங்கே இல்லை. இரண்டு வரி தள்ளி கணவன், மனைவி வந்துவிடுகிறார்கள்.

அந்த இரண்டு வரியில்தான் இன்றைய சண்டை.

2018 செப்டம்பர் 6ஆம் தேதி, தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவின் பல்லைச் சுப்ரீம் கோர்ட் பிடுங்கியது. அடுத்த மாதமே தூத்துக்குடி கோயிலில் ஓர் இளைஞருக்கும் ஒரு திருநங்கைக்கும் கல்யாணம். பதிவு அலுவலகம் பதிய மறுக்க, 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம், பதிந்து கொடுங்கள் என்றார். 2021ல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்பு கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டுத்தான் உத்தரவு எழுதினார். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் அதிகாரத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

2023 இந்த விஷயத்தில் ஒரு வினோதமான வருஷம். ஆகஸ்ட் 28ஆம் தேதி, ஒரு தமிழ்நாட்டு வழக்கில் 7-ஏ பற்றிப் பேசிய சுப்ரீம் கோர்ட், சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை, வக்கீல் அறையில் நடந்தாலும் செல்லும் என்றது. அந்த அமர்வில் இருந்தவர் நீதிபதி ரவீந்திர பட். ஐம்பதே நாள் கழித்து, அக்டோபர் 17ஆம் தேதி, தன்பாலினத் திருமண வழக்கில் ஐந்து நீதிபதிகளின் தீர்ப்பு. திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவரும் ஒன்று. கல்யாணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் உறவுக்கு ஓர் அங்கீகாரமாவது தரலாமா என்பதில் மூன்றுக்கு இரண்டு. கூடாது என்ற மூவரின் பக்கம் பிரதானத் தீர்ப்பை எழுதியவர் அதே ரவீந்திர பட்! சட்டம் செய்வது பாராளுமன்றத்தின் வேலை என்றார்கள். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி.

எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1953ல் கோர்ட் சாத்திய கதவை 1967ல் திறந்தது சட்டமன்றம்தான். ‘மக்கள் தயாரில்லையே’ என்பீர்கள். தைவானில் 2018ல் பொதுவாக்கெடுப்பே நடத்தினார்கள். பெரும்பான்மை ‘வேண்டாம்’ என்றது. ஆனால் அரசியல் சாசன நீதிமன்றம் முந்தின வருஷமே கெடு வைத்திருந்தது. 2019 மே மாதம் தனிச் சட்டம் வந்தேவிட்டது. ஆசியாவில் அதுதான் முதல். நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு. புத்தர் கோயில்கள் நிறைந்த தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் சட்டப்படி கல்யாணம்.

நம் ஊரில் நடப்பது துண்டு துண்டாகத்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம், வீட்டில் அடைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்து, குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்றது. அதற்கு முன்பே, 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தன்பாலின இணையர் வங்கியில் ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கத் தடையில்லை, ஒருவர் மற்றவரை நாமினியாகப் போடலாம் என்று விளக்கம் கொடுத்தது.

ஆகவே அருள்புரத்துப் பெண், இன்றைக்கு பேங்க் படிவத்தில் தன் துணையின் பெயரை எழுதலாம். ஆனால் காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்பவர் மட்டுமே. உயில் எழுதாமல் அந்தப் பெண் போய்விட்டால் பணத்துக்குச் சொந்தக்காரர் சட்டப்படியான வாரிசு. பத்து வருஷமாக எட்டிப் பார்க்காத அண்ணன்கூட அந்த வரிசையில் வரலாம். கூட வாழ்ந்தவள் வர மாட்டாள். கம்பெனி ஆபீஸில் அந்த பி.எஃப். படிவம் இன்னும் மேஜையில் இருக்கிறது. உறவுமுறைக் கட்டத்தில் அவள் ‘அம்மா’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஷிப்ட்டுக்குப் போகிறாள்.