கலீனா பலஷோவா

கலீனா பலஷோவா (பிறப்பு: 1931) சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஆவார். சோயூஸ் விண்கலம், சல்யூட், மீர் விண்வெளி நிலையங்கள், புரான் விண்ணோடம் ஆகியவற்றின் உள்ளமைப்பை வடிவமைத்தவர் இவரே. இவரது பணி இரகசியமாக வைக்கப்பட்டிருந்ததால் சோவியத் ஒன்றியம் கலையும் வரை இவர் வெளியுலகில் அறியப்படவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு

மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கொலோம்னா நகரில் பிறந்த பலஷோவா, மாஸ்கோ கட்டடக்கலைக் கல்லூரியில் பயின்று 1955 இல் பட்டம் பெற்றார். கட்டடங்களில் தேவையற்ற அலங்காரங்களை அரசு தடை செய்த காலம் அது. எனவே குய்பிஷெவ் நகரில் இவரது முதற் பணி, வீடுகளின் வரைபடங்களிலிருந்து அலங்காரங்களை நீக்குவதாக அமைந்தது. 1957 இல் செர்கேய் கரோலியொவின் வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். தொடக்கத்தில் அங்கு பணியாளர் குடியிருப்புகளையும் பொதுக் கட்டடங்களையும் வடிவமைத்து வந்தார்.

சோயூஸ்

வஸ்தோக் விண்கலத்தில் வீரர் இருக்கையிலேயே பயணத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். பல நாட்கள் பறக்கும் சோயூசிலோ உண்ணவும் உறங்கவும் பணி செய்யவும் தனி அறை தேவைப்பட்டது. பொறியாளர்களின் முதல் வடிவத்தைக் கரோலியொவ் ஏற்கவில்லை. 1963 இல் இப்பணி பலஷோவாவிடம் வந்தது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் விட்டமுடைய கோள அறைக்குள், சாய்விருக்கையும் பொருட்களை வைக்கும் அலமாரியும் அடங்கிய அமைப்பை அவர் வரைந்தார். கரோலியொவ் அதற்கு ஒப்புதல் அளித்தார்.

வடிவமைப்புக் கொள்கை

எடையற்ற நிலையில் மேல், கீழ் என்ற வேறுபாட்டை உடல் உணர்வதில்லை. இதனால் வீரர்கள் திசை தடுமாறக்கூடும். இதற்கு பலஷோவா நிறங்களின் மூலம் தீர்வு கண்டார். தரைக்கு அடர் நிறம், சுவருக்கு இளநிறம், கூரைக்கு மிக வெளிறிய நிறம் என்று அவர் வகுத்தார். மீர் நிலையத்தின் மையப் பகுதியில் அடர்பச்சைத் தரை, இளம்பச்சைச் சுவர், வெண்ணிறக் கூரை ஆகியன அமைந்தன. வீரர்களுக்கெனச் சிறு தனியறைகளும் அதில் இருந்தன.

சோயூசின் வாழ்பகுதிச் சுவரில் மாட்டுவதற்காகத் தாம் தீட்டிய நீர்வண்ண ஓவியங்களையும் பலஷோவா வழங்கினார். வீரர்கள் இறங்குகலத்தில் மட்டுமே பூமிக்குத் திரும்புவர். வாழ்பகுதி பிரிந்து வளிமண்டலத்தில் எரிந்துவிடும். ஆகவே அவ்வோவியங்களும் ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் அழிந்தன.

சின்னம்

1975 இல் நடைபெற்ற சோயூஸ்-அப்பல்லோ கூட்டுப் பயணத்திற்கான சோவியத் சின்னத்தையும் இவரே வரைந்தார். சின்னம் உலகெங்கும் பரவியது, எனினும் வரைந்தவரின் பெயர் வெளியிடப்படவில்லை.

அறியப்படுதல்

1990களின் தொடக்கத்தில் பலஷோவா ஓய்வு பெற்றார். மீர் நிலையம் 2001 இல் பசிபிக் பெருங்கடலில் வீழ்த்தப்பட்டது. பலஷோவா பாதுகாத்து வைத்திருந்த வரைபடங்களைக் கொண்டு ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் பிலிப் மொய்சர் ஒரு நூலை வெளியிட்டார். 2015 இல் பிராங்க்பர்ட் நகரிலுள்ள ஜெர்மன் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் இவரது பணிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.