கேட்டுவிட்டுப் போனவர்

வடபழனியில் உதவி இயக்குநர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே அறையில் கிடந்த காலத்தில், ஆளுக்கொரு பிரிக்காத கவர் வைத்திருந்தோம். கதையை லாங் சைஸ் நோட்டில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, நம் பெயருக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிக்கொள்வது வழக்கம். முத்திரையில் தேதி விழுந்துவிடும். நாளைக்கு எவனாவது கதையைச் சுட்டால் நீதிபதி முன்னால் பிரித்துக் காட்டலாம். ஒட்டாத கவரை அனுப்பிவிட்டு அப்புறம் எதை வேண்டுமானாலும் உள்ளே வைத்து ஒட்டலாமே என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வி கேட்டால் அதோடு தீர்ந்தது. ஆனாலும் அது பெட்டிக்குள் இருந்தால்தான் தூக்கம் வரும். ரிஜிஸ்டர் தபாலையே 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் தொழிலில் கதை வாய்வழியாகத்தான் கைமாறும். தயாரிப்பாளர் ஆபீசில் உட்கார்ந்து, ரீ-ரெக்கார்டிங்கையும் வாயாலேயே போட்டு, இன்டர்வெல் பிளாக்கில் குரலை இறக்கி, இரண்டு மணி நேரம் கதை சொல்ல வேண்டும். “நல்லா இருக்கு தம்பி, சொல்லி அனுப்புறோம்” என்பார்கள். அங்கே என்ன சொன்னோம் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. அதற்கும் முந்தைய தலைமுறையில் கதை இலாகா என்று ஒன்று இருந்தது. தேவர் பிலிம்ஸ் டைட்டிலில் ஆள் பெயருக்குப் பதிலாக அந்த இலாகாவின் பெயரே வரும். பத்துப் பேர் பேசிப் பேசி உருட்டிய கதையில் எந்த சீன் யாருடையது என்று எப்படிப் பிரிப்பது?

இந்தப் பயம் கோர்ட் வரை போன கதைகளில் எனக்கு மறக்காதது டெல்லிக்காரர் ஆர்.ஜி.ஆனந்துடையது. தொழிலால் கட்டடக் கலைஞர். நாடகமும் எழுதி மேடையேற்றுவார். 1953இல் ‘ஹம் இந்துஸ்தானி’ என்ற நாடகத்தை எழுதினார். அடுத்தடுத்து வசிக்கும் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம். பிள்ளைகளுக்குள் காதல், பெரியவர்கள் முறுக்கிக்கொள்கிறார்கள். 1954இல் டெல்லியில் மேடையேறி நல்ல பெயர் வாங்கியது. பம்பாயிலிருந்து இயக்குநர் மோகன் சேகல் கடிதம் போட்டார். 1955 ஜனவரியில் நேரிலேயே வந்து முழு நாடகத்தையும் ஆனந்த் படிக்கக் கேட்டார். படமாக்குவதாக வாக்கு எதுவும் கொடுக்காமல் கிளம்பினார். சில மாதங்களில் ‘நியூ டெல்லி’ என்று ஒரு பட அறிவிப்பு வந்தது. ஆனந்த் விசாரித்து எழுதினார். கதை, பாத்திரங்கள், அமைப்பு எல்லாமே வேறு, உங்கள் நாடகத்துக்கும் இதற்கும் துளியும் சம்பந்தமில்லை என்று பதில் வந்தது.

1956இல் படம் வந்தது. கிஷோர் குமார், வைஜயந்திமாலா. பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண், முறுக்கிக்கொள்ளும் பெரியவர்கள். ஆனந்த் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார், டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 1978இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். கருவுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உரிமை என்றது தீர்ப்பு. நாடகத்தில் மாநிலப் பற்று கல்யாணப் பேச்சில் மட்டும் வருகிறது. படத்திலோ டெல்லியில் வெளிமாநிலத்தானுக்கு வாடகைக்கு அறை கிடைக்காத கதை உண்டு, வரதட்சணை உண்டு. ஆகவே வேறு படைப்பு. அந்த வாடகைப் பகுதியில்தான் கிஷோர் குமார் தமிழனாக வேஷம் கட்டி அறை பிடிப்பார். நான் சொல்வேன், மோகன் சேகலைக் கரையேற்றியதில் அந்தப் போலித் தமிழனுக்குப் பெரிய பங்கு!

மூன்று நீதிபதிகளில் ஒருவரான பதக் தனியாகச் சில பக்கங்கள் எழுதினார். படத்தை எழுதியவர்களுக்கு நாடகத்தின் அமைப்பு தெரிந்தே இருந்தது, அதன் சாயல் ஓரளவு விழுந்தும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். கீழே இரண்டு கோர்ட்டும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதால் அவரும் கையெழுத்திட்டார். அற்ப மாற்றங்கள் செய்துவிட்டால் அடுத்தவர் படைப்பை எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது, இதைவிடத் தெளிவான வழக்கு வந்தால் இந்த நீதிமன்றம் அதைத் துடைக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதிவைத்தார். இருபது வருஷத்துக்கு மேல் அலைந்த ஆனந்துக்கு அதில் என்ன கிடைத்தது?

வேடிக்கை என்னவென்றால் இதே கதை அமெரிக்காவிலும் கோர்ட்டுக்குப் போயிருந்தது. ஆன் நிக்கல்ஸ் எழுதிய நாடகத்தில் யூதப் பையன், ஐரிஷ் பெண், சண்டை போடும் அப்பாக்கள். பிராட்வேயில் 2,300 தடவைக்கு மேல் ஓடியது. யுனிவர்சல் 1926இல் அதே மாதிரி படம் எடுத்தது. 1930இல் நிக்கல்ஸ் தோற்றார். இரண்டு வீட்டுச் சண்டைக்கு நடுவே காதல் என்பது எவர் வீட்டுச் சொத்தும் அல்ல என்பது எனக்கும் சம்மதம்தான். ஆனால் ஆனந்த் பறிகொடுத்தது அதை மட்டும்தானா என்று, பதக் எழுதியதைப் படித்தால் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

நம் ஊரில் 2018இல் ‘சர்கார்’ படம் வந்தபோது வேறு மாதிரி நடந்தது. ‘செங்கோல்’ என்ற கதையை எழுத்தாளர் சங்கத்தில் முன்பே பதிவு செய்திருந்தார் வருண் ராஜேந்திரன். சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் இரண்டையும் ஒப்பிட்டு, கரு ஒன்றுதான் என்று வெளிப்படையாகவே சொன்னார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தீபாவளிக்கு முன் சமரசமாகி, வருண் பெயர் திரையில் வந்தது. கோர்ட்டில் தோற்கும் கரு, சங்கத்தில் ஜெயித்தது. கவர் செய்யாததை ஒரு ரசீதும் ஒரு பழைய ஆளின் வாயும் செய்தன.

போன மாதம் ஒரு தம்பி வசனம் எழுதித் தரச் சொல்லி வந்தான். கதையைச் சொல்லடா என்றால், “ஒன்லைன் மட்டும் கேக்காதீங்க சார், வெளிய போயிடும்” என்றான். “ஒன்லைனை டீக்கடையில சத்தமா சொல்லு, ஒண்ணும் ஆகாது. சீன் ஆர்டரை எழுதி முடி, சங்கத்துல பதிவு பண்ணு, கதை சொல்லிட்டு வந்த அன்னிக்கே இன்னது சொன்னேன்னு ஒரு மெயில் போடு” என்றேன். தலையாட்டினான். ஆனாலும் சொல்லவில்லை. கிளம்பும்போது பெரிய மனது பண்ணித் தலைப்பை மட்டும் காதோடு சொன்னான். தலைப்புக்குக் காப்புரிமையே கிடையாது என்பதை அவனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.