மிஞ்சிய தாளில் செய்த நத்தார் மடல்கள்

நூற்றாண்டு மலரொன்றில் அதிபர்களின் பெயர்களும் கட்டிடங்களின் வரலாறும் இடம்பெறுவது வழமை. நாம் எழுத எடுத்துக்கொண்டதோ எந்தப் பதிவேட்டிலும் ஏறாத ஒரு சிறு பொருள். மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறை விடுவதற்கு முந்திய நாட்களில், மிஞ்சிய தாள் துண்டுகளைக் கொண்டு நாம் செய்த நத்தார் வாழ்த்து மடல்தான் அது.

விற்பனைக்கென அச்சிட்ட முதல் நத்தார் மடல் 1843இல் இலண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு அதனை வரைவித்தார். விலை ஒரு ஷில்லிங். எமது மலைகளுக்கு இவ்வழக்கம் தோட்டத் துரைமாரோடு வந்தது. டிக்கோயாவில் வார்லி தேவாலயம் 1878இல் எழுந்தது. 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. பங்களாக்களில் மடல்கள் வரிசையாக நின்ற காலத்தில், லயங்களில் காசு கொடுத்து மடல் வாங்குவார் இல்லை.

நாம் படித்த எழுபதுகளில் கடைகளிலும் மடல் அரிதாயிற்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வாழைச்சேனை ஆலையில் வைக்கோலிலிருந்து செய்த பழுப்புக் கடதாசியையும் நாம் வீணாக்கவில்லை. முடிந்துபோன அப்பியாசக் கொப்பியின் மட்டையை இரண்டாக மடித்தால் மடல். பழைய கலண்டரின் வண்ணப் பக்கத்தில் பூக்களும் மணிகளும் வெட்டினோம். தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் விரிக்கும் அலுமினியத் தாளின் ஓரத்துண்டு கிடைத்தால் நட்சத்திரம் தயார். வந்த கடிதத்தின் உறையைப் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி ஒட்டினால் புதிய உறை.

ஒட்டுவதுதான் சங்கடம். தோட்டங்களில் பட்டினி நிலவிய 1973, 1974ஆம் ஆண்டுகளில், பசை காய்ச்சக் கோதுமை மா கேட்க எவருக்கும் வாய் வரவில்லை. மரப்பிசினைத் தண்ணீரில் ஊறவைத்தோம். அதுவும் கிடைக்காவிட்டால் ஊசியும் நூலும் கொண்டு தைத்தோம்.

மடல் செய்தவர்களில் பெரும்பாலானோர் வேதக்காரப் பிள்ளைகள் அல்லர். மாரியம்மன் திருவிழாவுக்குக் காகிதப்பூக் கட்டிய அதே கைகள்தாம் நத்தார் நட்சத்திரத்தையும் வெட்டின. பங்களா மடல்களில் கண்ட முள்ளிலைச் செடி எமக்குப் பழக்கமில்லை. அதனால் அவ்விடத்தில் இரண்டு இலையும் ஒரு கொழுந்து மொட்டும் வரைந்தோம்.

இம்மடல்கள் எங்கே போயின என்பதில்தான் எமது வரலாறு இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் எம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகளில் ஒருத்தி மறுதவணைக்கு வரமாட்டாள். அவளுடைய குடும்பம் அழுகைக் கோச்சியில் தலைமன்னாருக்குப் போய், கப்பலேறி இராமேஸ்வரம் சேர்ந்திருக்கும்.

அதுவரை அடுத்த தோட்டத்துக்கும் மேற்பிரிவுக்கும் போன மடல்கள் பின்னர் மண்டபம் முகாமுக்குப் போயின. தமிழ்நாடு அரசு தாயகம் திரும்பியோருக்காக 1968 முதல் தேயிலை நட்ட நீலகிரிக்கும் போயின. முத்திரைக் காசை வகுப்பே சேர்த்துக் கொடுத்தது. நாம் அனுப்பிய தேயிலை இலைப் படத்தை, அங்கே வேறொரு மலையில் கொழுந்து பறித்துவந்த கைகள் பிரித்துப் பார்த்தன.

கடையில் வாங்கிய மடலாயின் வாழ்த்து மட்டுமே போயிருக்கும். எமது மடலின் பின்புறத்தில் பாதி வாய்ப்பாடு இருந்தது, சிவப்பு மையில் ஆசிரியையின் சரி அடையாளம் இருந்தது, விட்டுப்போன வகுப்பறையின் ஒரு துண்டே இருந்தது.

கூடலூரிலோ கோத்தகிரியிலோ, கொழும்பிலோ கனடாவிலோ வாழும் சகோதரிகளே, உங்கள் பழைய டிரங்குப் பெட்டியில் இத்தகைய மடல் ஒன்று கிடந்தால் அதன் படத்தைச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். மறவாமல் பின்புறத்தையும் படமெடுங்கள்.