மீண்டும் கூடிய மேடை

சேர்ந்து வாசித்துப் பிரிந்துபோன கலைஞர் பல ஆண்டுகளின் பின் ஒரே மேடையில் கூடுவதும், அந்நிகழ்ச்சி அப்படியே இசைத்தட்டாக வெளிவருவதும் மேலைநாட்டு ரொக் இசையுலகில் ஒரு வியாபார மரபாகிவிட்டன. ரசிகனின் இளமை நினைவுகளுக்கு விலை குறிப்பதே அவற்றுட் பலவற்றின் நோக்கம். ஆயினும் 1999இல் வெளிவந்த 'ரிமெம்பர் சக்தி' என்னும் இரட்டை இறுவட்டை அந்தக் கணக்கில் அடக்கிவிட முடியாது. அதன் வரலாறு நமது தீவின் வரலாற்றையும் தொட்டு நிற்கிறது.

ஜோன் மக்லாவ்லின் ஆங்கிலேயர். 1971இல் 'மகாவிஷ்ணு ஒர்க்கெஸ்ட்ரா'வைத் தொடங்கி, மின்கித்தாரின் பேரோசையில் ஜாஸையும் ரொக்கையும் இணைத்துப் புகழடைந்தவர். பின்னர் அவ்வோசையை விட்டிறங்கி, இந்தியக் கலைஞரோடு தரையில் அமர்ந்து வாசித்தார். வயலினில் எல். சங்கர், தபேலாவில் ஸாகிர் ஹுஸைன், கடத்தில் விக்கு விநாயக்ராம். இதுவே 'சக்தி'. அதன் முதல் இசைத்தட்டு 1975 ஜூலையில் அமெரிக்கக் கல்லூரியொன்றின் மேடையில் பதிவாயிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நமது கச்சேரி மேடையில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்கும் பின்னால் நிற்பது. 'சக்தி'யிலோ அந்த மண்பானை கித்தாருக்குச் சமமாகக் கேள்வி கேட்டது, பதிலும் பெற்றது. புதுமை ராகக் கலப்பில் மட்டும் இல்லை, இந்தச் சமத்துவத்திலும் இருந்தது. 1978இல் குழு கலைந்தது.

அந்த வயலினின் பின்னணி யாது? சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை போதித்தவர். சங்கரும் அவரது தமையன் எல். சுப்பிரமணியமும் அங்கேதான் சிறுவயதைக் கழித்தனர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது; 1958இல் இனக்கலவரம் மூண்டது. அக்குடும்பம் இந்தியா திரும்பியது. பின்னாளில் உலக மேடைகளில் ஒலித்த இரு வயலின்களை நமது மண் இவ்வாறு இழந்தது. வகுப்புவாதம் உயிரையும் உடைமையையும் மட்டுமா பறிக்கிறது? நாளைய இசையையும் சேர்த்தே நாடுகடத்துகிறது.

1997இல் இங்கிலாந்தில் மக்லாவ்லினும் ஸாகிரும் விநாயக்ராமும் மீண்டும் கூடினர். சங்கர் அக்கூட்டத்தில் இல்லை. ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழல் உடன் அமர்ந்தது. அந்நிகழ்ச்சிகளின் பதிவே 1999இல் வெளிவந்த இறுவட்டு. பழைய வேகத்தை எதிர்பார்த்துக் கேட்போர் அங்கே நிதானத்தையே காண்பர். வயலின் இருந்த இடத்தை மறைக்க அவர்கள் முயலவில்லை. வேறு சுவாசம் கொண்ட வேறு இசையைச் சமைத்தனர். அடுத்து மண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார். தந்தையின் இடத்தில் மகன் செல்வகணேஷ் அமர்ந்தார். மீள்கூடல் என்பது பழமைக்குத் திரும்புவதன்று, புதியவருக்கு இடம் கொடுப்பதே என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியாது.

ஸ்ரீநிவாஸ் 2014இலும், ஸாகிர் 2024 டிசம்பரிலும் மறைந்தனர். பதிவு எஞ்சி நிற்கிறது. அது எழுப்பும் கேள்வியும் எஞ்சி நிற்கிறது. கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் வீதியிலே, சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலவராக வாழும் கலகெதரயில் நாம் இருக்கிறோம். கண்டிய மேளமும் மிருதங்கமும் ஒன்றுக்கொன்று பக்கவாத்தியமாகாமல், சமமாய் அமரும் மேடையை நமது பாடசாலைகளிலேனும் அமைக்கலாகாதா? பிரிந்தவர் கூடுவதைக் கேட்டு மகிழும் நாம், அயலிலிருப்பவரைப் பிரியவிடாத சமுதாயத்தைச் சமைப்பதே அவ்விசைக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.