கெய்ரோவின் குப்பைமேடு

கெய்ரோ மாநகரில், தர்ப் அல்-அஹ்மர் என்னும் பழைய குடியிருப்பை அடுத்து, சுமார் 500 ஆண்டுகளாக ஜனங்கள் இடிபாட்டு மண்ணையும் குப்பையையும் கொட்டிக் கொட்டிக் குன்றுகளாகவே எழும்பிவிட்ட தர்ராசா என்ற பிரதேசம், இன்று 30 ஹெக்டேர் விஸ்தீரணமுள்ள அல்-அஸ்ஹர் பூங்காவாக விளங்குகிறது. அந்நகருக்கு ஒரு பூங்காவை நன்கொடையாக அளிப்பதாக, இஸ்மாயிலி முஸ்லிம்களின் சமயத் தலைவரான ஆகா கான் அறிவித்தது 1984-இல். ஜனங்களுக்காக அது திறக்கப்பட்டதோ 2005-இல்.

இடைப்பட்ட காலம் வீணாகக் கழிந்ததன்று. உப்பு மிகுந்த அந்த மண்ணில் செடிகள் வேரூன்றுவது துர்லபமாகையால், அதன்மேல் களிமண்ணும் நல்ல மண்ணும் அடுக்கடுக்காகப் பரப்ப வேண்டியிருந்தது. அன்றியும், நகரின் குடிநீருக்கென்று 80 மீட்டர் விட்டமுள்ள மூன்று பெருந்தொட்டிகள் அங்கே கட்டப்பட, அவற்றையும் பூங்காவின் அமைப்புக்குள் அடக்கிக்கொள்ள நேர்ந்தது.

எல்லாவற்றிலும் விசேஷமானது மேற்குச் சரிவில் நிகழ்ந்தது. 12-ஆம் நூற்றாண்டில் சுல்தான் சலாவுதீன் எழுப்பத் தொடங்கிய நகர மதில், உச்சி மாத்திரம் தெரியும்படி குப்பையில் புதைந்து கிடந்தது; சரிவை அகழ்ந்தபோதோ, கோபுரங்களும் வாயில்களும், வீரர்கள் மறைந்து நின்று அம்பெய்த குறுகிய துளைகளுமாக, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு அது வெளிப்பட்டது. ஜனங்கள் அசட்டையாய் எறிந்த குப்பையே அந்தக் கற்களுக்குக் கவசமாக இருந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மதிலோரத்து ஏழைக் குடும்பங்களை அப்புறப்படுத்தாமல், அவர்களுடைய வீடுகளைப் பழுதுபார்க்கவும், தொழில் பழகவும், சிறுகடன் பெறவும் பூங்காவை அமைத்தவர்கள் கூடவே ஏற்பாடு செய்தார்கள். பூங்காவைக் காட்டிலும் இதுவே பெரிய சாதனை.