வனைந்த பொருள்

குயவர் சக்கரத்தில் மண்ணை ஏற்றிப் பானைக்கு உருக்கொடுப்பதைத் தமிழ் ‘வனைதல்’ என்கிறது. கிரேக்கத்தில் அதற்கு நிகரான வினை ‘பிளாஸ்ஸைன்’. அப்படி வனைந்த பொருள் ‘பிளாஸ்மா’. பிளாஸ்டிக்கும் காயத்தில் ஒட்டும் பிளாஸ்திரியும் அந்த வேரில் கிளைத்தவையே.

19ஆம் நூற்றாண்டில் உயிரியல் இச்சொல்லை எடுத்துக்கொண்டது. 1839இல் செக் உடலியலாளர் புர்க்கின்யே கருவின் மூலப்பொருளைப் ‘புரோட்டோபிளாஸ்மா’ என்றார். இரத்த அணுக்களைச் சுமந்தோடும் வெளிர்மஞ்சள் நீர்மத்துக்கும் பிளாஸ்மா என்றே பெயர் நிலைத்தது.

இயற்பியலுக்கு வந்த வழி இன்னும் சுவையானது. அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில், பாதரச ஆவிக் குழாய்களில் மின்சாரம் பாய்ச்சி ஆராய்ந்தவர் இர்விங் லாங்மியூர். எலெக்ட்ரான்களும் அயனிகளும் சரிக்குச் சரியாகக் கலந்து ஒளிரும் பகுதிக்கு 1928இல் ‘பிளாஸ்மா’ என்று பெயரிட்டார். வேகமான எலெக்ட்ரான்களையும் மாசுத் துகள்களையும் அது ஏந்திச் செல்லும் விதம் அவருக்கு இரத்தத்தை நினைவூட்டியதாம். உடனிருந்த மாட்-ஸ்மித் 1971இல் இதை நினைவுகூர்ந்தார். பெயரை நம்பி மருத்துவ இதழ்கள் ஆண்டுக்கணக்கில் கட்டுரைப் படிகள் கேட்டு எழுதினவாம்!

உருவமே இல்லாத வாயுவுக்கு ‘வனைந்த பொருள்’ என்ற பெயர் பொருந்துமா? நுண்ணலைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது, வனைவதே பிளாஸ்மாதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமையலறை நுண்ணலை அடுப்பின் அலை 2.45 கிகாஹெர்ட்ஸ். பிளாஸ்மாவின் ஒரு கன சென்டிமீட்டரில் எலெக்ட்ரான்கள் சுமார் 7,400 கோடியைத் தாண்டினால், அந்த அலை உள்ளே புக முடியாமல் திரும்பிவிடும். அதற்குக் குறைவென்றால் புகும். அடர்த்தி மாறாமல் நிற்கும் பிளாஸ்மாவில் அலையின் அதிர்வெண் மாறாது. மாறுவது அலைநீளம், அது நீண்டுவிடும்.

அலை ஏற்கெனவே பரவியிருக்க, அதைச் சுற்றிலும் திடீரெனப் பிளாஸ்மா பிறந்தால் கதை தலைகீழ். முகட்டுக்கு முகடு உள்ள இடைவெளி அப்படியே நிற்கும். எலெக்ட்ரான்களும் சேர்ந்து ஆடுவதால் அதிர்வெண் ஏறும். 1990இல் லாஸ் ஏஞ்சலிஸில், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சந்திரசேகர் ஜோஷி குழுவினர் உலோகக் குழிக்குள் சுமார் 33 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை நிரப்பி, உள்ளிருந்த வாயுவை ஒரு லேசர் துடிப்பால் நொடிப்பொழுதில் பிளாஸ்மாவாக்கினார்கள். வெளியே வந்த அலையின் அதிர்வெண் 2 மடங்குக்கும் மேல் வரை உயர்ந்திருந்தது.