தேங்காய் எண்ணெயும் உடல் மெலிவும்: ஓர் ஆள்மாறாட்டத்தின் வரலாறு

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் குடியுங்கள். அல்லது பால், சர்க்கரை சேர்க்காத காப்பியில் அதைக் கலந்து பருகுங்கள். உடம்பு தானே இளைக்கும் என்று உங்களிடம் யாரேனும் சொல்லியிருக்கக் கூடும். எண்ணெய் என்பதே கொழுப்பு. கொழுப்பைத் தின்றால் உடம்பு பெருக்கும் என்றுதான் நாம் கேட்டிருக்கிறோம். கொழுப்பைத் தின்றே கொழுப்பைக் கரைக்க முடியுமா?

இந்தக் கூற்று முழுப் பொய்யும் அன்று; முழு உண்மையும் அன்று. ஆய்வுக்கூடத்தில் ஓர் எண்ணெய் பெற்ற நற்சான்று, கடைத்தெருவில் வேறோர் எண்ணெயின் மீது ஒட்டப்பட்டது. இவ்விரண்டும் தாயும் பிள்ளையும் போன்றவை. ஆதலால் மாற்றம் எளிதில் கண்ணில் படவில்லை. இது எவ்வாறு நடந்தது என்பதைக் காண்போம்.

நீண்ட சங்கிலியும் குட்டைச் சங்கிலியும்

நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் எண்ணெய்கள் யாவும் பெரும்பாலும் டிரைகிளிசரைடு என்னும் பொருளால் ஆனவை. கிளிசரால் என்னும் ஒரு மூலக்கூறுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தால் அது டிரைகிளிசரைடு ஆகும். கொழுப்பு அமிலம் ஒவ்வொன்றும் கரியணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றில் 18 கரியணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலிகளே மிகுதி.

தேங்காய் எண்ணெயின் அமைப்பு வேறு. அதில் ஏறத்தாழப் பாதி, 12 கரியணுக்கள் கொண்ட லாரிக் அமிலம். அடுத்த இடம் 14 கரியணுக்கள் கொண்ட மிரிஸ்டிக் அமிலத்திற்கு உரியது. 8 கரியணுக்கள் கொண்ட காப்ரிலிக் அமிலமும், 10 கரியணுக்கள் கொண்ட காப்ரிக் அமிலமும் சேர்ந்து சுமார் 14 விழுக்காடு இருக்கும். இவ்விரு பெயர்களும் ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ஆட்டுப்பாலின் கொழுப்பிலும் இவை உண்டு. இந்த 14 விழுக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வரலாறு முழுவதும் இதைச் சுற்றியே நடக்கிறது.

நீண்ட சங்கிலிக் கொழுப்பு செரிக்கப் பித்தநீர் வேண்டும். குடலில் உறிஞ்சப்பட்டபின் அது நுண்ணிய கொழுப்புத் துளிகளாகக் கட்டப்பட்டு, நிணநீர்க் குழாய்களின் வழியே சுற்றி வந்து இரத்தத்தில் கலக்கிறது. உடனடித் தேவை இல்லையெனில் கொழுப்புத் திசுக்களில் சேமிக்கப்படுகிறது. 8, 10 கரியணுக்கள் கொண்ட அமிலங்களோ குறுக்கு வழியில் செல்கின்றன. அவை குடலிலிருந்து நேரே இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகின்றன. அங்கே அவை விரைவாக எரிக்கப்படுகின்றன. சேமிப்புக்குச் செல்வது குறைவு.

தொழிற்சாலையின் மிச்சம் மருந்தாயிற்று

சோப்பு, சலவைப் பொருள் தயாரிப்போருக்குத் தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலம் தேவை. அதைப் பிரித்தெடுத்தபின் 8, 10 கரியணு அமிலங்கள் மிஞ்சும். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் ட்ரூ வேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த விஜென் பாபயான் என்பவர் இந்த மிச்சத்தை மீண்டும் கிளிசராலுடன் இணைத்து ஒரு புதிய எண்ணெயை உருவாக்கினார். இதற்கு ‘நடுத்தரச் சங்கிலி டிரைகிளிசரைடு’ என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு எம்.சி.டி. என்பார்கள்.

இந்த எண்ணெய் முதலில் உடல் இளைப்பதற்காகப் பயன்படவில்லை. இளைத்த உடலைத் தேற்றவே பயன்பட்டது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். கணையம், பித்தப்பை, சிறுகுடல் ஆகியவற்றில் கோளாறு உள்ளவர்களால் சாதாரணக் கொழுப்பை உறிஞ்ச இயலாது. அவர்களுக்கு எம்.சி.டி. எளிதில் செரிக்கும் ஆற்றல் உணவாக அமைந்தது. நியூயார்க்கில் சாமி ஹாஷிம், தியோடர் வான் இட்டாலி ஆகியோர் 1960-களில் இதனை மனிதரிடம் விரிவாக ஆராய்ந்தனர். 1971-ல் பீட்டர் ஹுட்டன்லாக்கர் குழுவினர் வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் சிறப்பு உணவில் இதைச் சேர்த்துப் பயன் கண்டனர்.

எலியிலிருந்து மனிதருக்கு

இதற்கிடையே மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் கௌனிட்ஸ் 1958-ல் பாபயானுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், எம்.சி.டி. உண்ட எலிகளின் எடை மற்ற எலிகளின் எடையைவிடக் குறைவாக இருந்தது. 1982-ல் ஹாஷிமும் அவருடைய கூட்டாளிகளும் எலிகளுக்கு அளவுக்கு மீறி உணவளித்துப் பார்த்தனர். எம்.சி.டி. பெற்ற எலிகளின் உடலில் கொழுப்புக் குறைவாகவே சேர்ந்தது. மிகுதி ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வெளியேறியது.

1986-ல் இதே கேள்வி மனிதரிடம் கேட்கப்பட்டது. உடல்நலமுள்ள ஏழு ஆண்களுக்கு 400 கலோரி உணவு, ஒருமுறை எம்.சி.டி. ஆகவும் மற்றொருமுறை மக்காச்சோள எண்ணெயாகவும் கொடுக்கப்பட்டது. அடுத்த ஆறு மணி நேரத்தில் அவர்கள் உட்கொண்ட ஆக்சிஜன், எம்.சி.டி.க்குப் பின் சராசரியாக 12 விழுக்காடும், மக்காச்சோள எண்ணெய்க்குப் பின் 4 விழுக்காடும் கூடியிருந்தது. உடல் என்னும் அடுப்பு சற்றுக் கூடுதலாக எரிந்தது என்று பொருள்.

பின்னர் மேரி-பியர் செயின்ட்-ஓன்ஜ் என்னும் அறிவியலார் இத்துறையில் தொடர்ந்து உழைத்தார். 2008-ல் வெளிவந்த அவருடைய ஆய்வில், எடை மிகுந்த 49 பேர் எடைக் குறைப்பு உணவைத் தொடங்கினர். 31 பேர் 16 வாரங்களையும் நிறைவு செய்தனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் 18 முதல் 24 கிராம் வரை எம்.சி.டி. எண்ணெயும், மற்றப் பிரிவினர் அதே அளவு ஆலிவ் எண்ணெயும் உட்கொண்டனர். எம்.சி.டி. பிரிவினர் சுமார் 1.7 கிலோ கூடுதலாக எடை இழந்தனர். 13 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பு இன்னும் அடக்கமான விடையைத் தந்தது: வேறு கொழுப்புக்குப் பதிலாக எம்.சி.டி. உண்டால் கிடைத்த கூடுதல் எடைக் குறைவு சராசரியாக அரைக் கிலோதான்.

பழியும் புகழும்

இனிக் கடைத்தெருவுக்கு வருவோம். 1980-களில் அமெரிக்காவில் தேங்காய் எண்ணெய்க்கு இருந்தது கெட்ட பெயர். மாரடைப்பிலிருந்து பிழைத்த பில் சொகோலாஃப் என்னும் தொழிலதிபர், 1988-ல் நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்து, தேங்காய் எண்ணெயும் பனை வகை எண்ணெய்களும் இதயத்துக்குக் கேடு என்று முழங்கினார். நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்பதே குற்றச்சாட்டு. 1994-ல் திரையரங்குச் சோளப்பொரியும் இதே காரணத்தால் பழிக்கு ஆளானது. அது தேங்காய் எண்ணெயில் பொரிக்கப்பட்டு வந்தது.

உணவு நிறுவனங்கள் பலவும் வனஸ்பதி போன்று பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்களுக்கு மாறின. அவற்றிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு இன்னும் தீங்கானது என்பதை 1990-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மென்சிங்க், காட்டன் ஆகியோரின் சோதனை உணர்த்தியது. தீர்ப்பு வழங்கியவர்களின் மீதே மக்களுக்கு ஐயம் பிறந்தது. தேங்காய் எண்ணெயை வீணாகப் பழித்துவிட்டார்களோ என்று எண்ணினார்கள். ஊசல் மறு எல்லைக்குச் செல்லத் தொடங்கியது.

2005-ல் செரி கால்பம் எழுதிய, தேங்காயை மையமாகக் கொண்ட எடைக் குறைப்பு நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. 2014-ல் டேவ் ஆஸ்பிரி என்பவரின் நூல், வெண்ணெயும் எம்.சி.டி. எண்ணெயும் கலந்த காப்பியைப் பரப்பியது. எம்.சி.டி. கிடைக்காதவர்கள் அதன் இடத்தில் தேங்காய் எண்ணெயை ஊற்றிக்கொண்டார்கள். ஆள்மாறாட்டம் முழுமையடைந்தது.

பெயர் செய்த குழப்பம்

இதற்கு ஒரு சொல்லும் உடந்தையாயிற்று. ‘நடுத்தரச் சங்கிலி’ என்றால் எது? வேதியியலார் பலர் 6 முதல் 12 வரை கரியணுக்கள் கொண்டவற்றை இப்பெயரால் அழைக்கிறார்கள். இந்தக் கணக்கின்படி லாரிக் அமிலமும் உள்ளே வந்துவிடும். தேங்காய் எண்ணெயில் 60 விழுக்காட்டுக்கு மேல் நடுத்தரச் சங்கிலி என்று புட்டியின் மீது அச்சிட்டு விடலாம். ஆனால் உடல் பெயரைப் பார்ப்பதில்லை. லாரிக் அமிலத்தில் பெரும்பகுதி, நீண்ட சங்கிலிகளைப் போலவே நிணநீர் வழியாகத்தான் செல்கிறது. ஆய்வில் பயன்பட்ட எம்.சி.டி. எண்ணெயிலோ 8, 10 கரியணு அமிலங்களே முக்கியம்.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2008-ஆம் ஆண்டு ஆய்வில் நாளொன்றுக்குக் கொடுத்தது 18 முதல் 24 கிராம் எம்.சி.டி. தேங்காய் எண்ணெயில் இது 14 விழுக்காடுதான். ஆகவே அதே அளவைப் பெற, நாள்தோறும் சுமார் 130 முதல் 170 கிராம் தேங்காய் எண்ணெய் குடிக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டிக்கு 14 கிராம் என்றால், ஒன்பது முதல் பன்னிரண்டு கரண்டி! கொழுப்பின் ஒரு கிராம் 9 கலோரி தரும். எனவே இந்த எண்ணெயிலிருந்து மட்டும் 1,150 முதல் 1,500 கலோரி வரை உள்ளே செல்லும். இதைக் குடித்து உடம்பு இளைக்குமா என்று நீங்களே முடிவு செய்யலாம். தாம் ஆராய்ந்தது தேங்காய் எண்ணெய் அன்று என்பதைச் செயின்ட்-ஓன்ஜும் எடுத்துக் கூறியிருக்கிறார்.

தேங்காய் எண்ணெயை நேராகச் சோதித்தபோது

2009-ல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள், வயிற்றுப் பருமன் கொண்ட 40 பெண்களுக்கு 12 வாரம் நாள்தோறும் 30 மில்லி எண்ணெய் கொடுத்தனர். ஒரு பிரிவுக்குத் தேங்காய் எண்ணெய். மறு பிரிவுக்குச் சோயா எண்ணெய். இரு பிரிவினரும் உணவைக் குறைத்து, நாளும் 50 நிமிடம் நடந்தனர். இரு பிரிவிலும் எடை குறைந்தது. இடுப்புச் சுற்றளவு தேங்காய் எண்ணெய்ப் பிரிவில் மட்டும் குறைந்தது. விளம்பரங்கள் கடைசி வரியை எடுத்துக்கொண்டன; உணவுக் குறைப்பையும் நடையையும் விட்டுவிட்டன.

2017-ல், செயின்ட்-ஓன்ஜ் பங்கேற்ற ஆய்வொன்று, உடல் பருமன் கொண்ட வளரிளம் பருவத்தினருக்குத் தேங்காய் எண்ணெய் மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்தது. மக்காச்சோள எண்ணெய் உணவைவிட உடல் வெப்பச் செலவு கூடவில்லை. 2020-ல் 16 சோதனைகளைத் தொகுத்து வெளிவந்த கட்டுரையும் இதையே உறுதிப்படுத்தியது: சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால், உடல் கொழுப்பைக் குறைப்பதில் தேங்காய் எண்ணெய்க்குத் தனிச்சிறப்பு இல்லை. தீய கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சுமார் 10 மில்லிகிராமும், நல்ல கொலஸ்டிரால் எனப்படும் எச்.டி.எல். சுமார் 4 மில்லிகிராமும் கூடுதலாக இருந்தன.

தீவு மக்களின் சான்று

“பசிபிக் தீவினர் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் உண்டு நலமாக இருந்தார்களே!” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1981-ல் வெளிவந்த இயன் பிரையர் குழுவினரின் ஆய்வின்படி, டோக்லாவ் தீவினரின் உணவாற்றலில் 63 விழுக்காடு தேங்காயிலிருந்து கிடைத்தது. இரத்தக் குழாய் நோய்களோ அவர்களிடம் அரிதாகவே இருந்தன. ஆனால் அவர்கள் உண்டது தேங்காய். புட்டியிலிருந்து எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் குடிக்கவில்லை. தேங்காயில் நார்ச்சத்து உண்டு. அதனுடன் மீன் உண்டார்கள், சர்க்கரை குறைவு, உடலுழைப்பு மிகுதி. முழு வாழ்க்கை முறையின் பயனை ஒரு புட்டி எண்ணெயின் பெயரில் எழுத முடியாது.

மூன்று கேள்விகள்

2017-ல் அமெரிக்க இதய நலச் சங்கம், 82 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு கொண்டது என்பதால் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தியது. 2018-ல் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் அதைத் தூய நஞ்சு என்றே மேடையில் பேசினார். ஊசல் மீண்டும் இப்பக்கம் வந்துவிட்டது. நஞ்சும் அன்று, அருமருந்தும் அன்று. அது ஓர் உணவெண்ணெய். அளவோடு உண்ணும்போது அதன் சுவைக்காக உண்ணலாம், இளைப்பதற்காக அன்று.

நாளை வேறோர் எண்ணெயைப் பற்றியோ விதையைப் பற்றியோ இதே போன்ற செய்தி உங்களிடம் வரும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆய்வில் பயன்பட்டது இதே பொருள்தானா? எதற்குப் பதிலாக அது கொடுக்கப்பட்டது? எவ்வளவு கொடுக்கப்பட்டது? தேங்காய் எண்ணெயின் வரலாற்றில் முதல் கேள்வியிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது கேள்வியும் முக்கியமானது. எம்.சி.டி. ஆய்வுகளில் வேறு எண்ணெய்க்குப் பதிலாகத்தான் அது கொடுக்கப்பட்டது. வழக்கமான உணவுக்கு மேல் சேர்க்கப்படவில்லை. காலையில் நீங்கள் கூடுதலாகக் குடிக்கும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. அரை மணி நேரம் நடந்து நீங்கள் செலவிடும் ஆற்றலுக்கு அது ஏறக்குறைய ஈடு. அந்தக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நடையைத் தொடருங்கள். அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு சிறு கரண்டி எண்ணெயின் மணத்தை அச்சமின்றி நுகருங்கள்.